இடது பக்கம் கம்மி

வசந்தி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பேக்டரியிலிருந்து திரும்பிய கையோடு அடுப்படியில் உட்கார்ந்து உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த மாதம் பட்டர்வொர்த் கோயிலில் கல்யாணம், மாப்பிள்ளைத் தம்பியும் உன்னோடு அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறார், அவர் வீட்டில் யாருக்கும் மறுப்பு இல்லை என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டதும், அவள் ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் ஒரு வரியை விட்டுவிட்டுத் தாண்டிப் போனேன். "என் காதைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன் அப்பா. சின்ன வயதில் நான் வீட்டில் சொல்லாமல் மறைத்ததால்தான் இப்படி ஆனது என்றும் சொல்லிவிட்டேன். உங்களை யாரும் குறையாக நினைக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம். அதை உன் அம்மா முன்னால் வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த வரி பொய். நீ தெரிந்து சொல்லும் பொய் இல்லை. நான் உன் வாயில் வைத்த பொய். அடுத்த மாதம் நீ ஒருவரோடு வாழப் போகிறாய். அதைச் சுமந்துகொண்டு அந்த வீட்டுக்குள் போகாதே. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் வீட்டு முன்னறையில் இருந்த பாட்டு செட் உனக்கு நினைவிருக்கும். அது எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியாது. உனக்கு ஆறு வயது நடக்கும்போது நம் தேயிலைத் தோட்டத்துச் சின்ன துரை வேலையை விட்டு அவர் ஊருக்குத் திரும்பினார். அவர் பங்களாவில் வயரிங் வேலையெல்லாம் நான்தான் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில் அவருடைய ஆம்ப்ளிபையர், ரெக்கார்டு பிளேயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி எல்லாவற்றையும் எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். லோரியில் ஏற்றி வரும்போது வளைவில் ஒரு பெட்டி சரிந்து விழுந்து, உள்ளே இருந்த ஸ்பீக்கர் கிழிந்துபோனது. நல்லதை வலது பக்கம் வைத்தேன். இடது பக்கத்துக்கு ஜோடி தேடித் தானா ராத்தா டவுனில் காசிம் பாய் ரேடியோ கடைக்குப் போனேன். ஆம்ப்ளிபையரின் முதுகில் எட்டு ஓம் என்று எழுதியிருந்தது. ஸ்பீக்கரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எண் ரொம்பக் குறைந்தால் ஸ்பீக்கர் அளவுக்கு மேல் கரண்டை இழுக்கும், ஆம்ப்ளிபையர் சூடேறிக் கருகிவிடும். பாயிடம் நாலு ஓம் ஸ்பீக்கர்தான் இருந்தது. "நடுவுல ஒரு ரெசிஸ்டர் போட்டுக்குங்க லா, சூடாகாது. ஆனா அந்தப் பக்கம் சத்தம் கொஞ்சம் கொறையும்" என்று ஒளிக்காமல் சொல்லித்தான் கொடுத்தார். அவர் மேல் பழி சொல்ல எனக்கு வழி இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன், இந்தக் கதையில் என்னைத் தவிர யார் மேலும் பழி சொல்ல வழி இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை உன் அம்மாவுக்கும் நான் சொன்னது கிடையாது. பதினெட்டு வயதில் தேயிலை உருட்டும் மெஷின்களுக்கு நடுவில் வேலைக்குப் போனவன் நான். முப்பத்தைந்து வயதுக்குள் என் காது பாதி போய்விட்டது. ஆள் பேசுவது கேட்கும். சன்னமான சத்தம் எதுவும் கேட்காது. உன் கொலுசு, கோயில் ஜால்ராவின் ஓசை, கூரையில் தூறல் விழுவது எல்லாம் எனக்கு எப்போதோ நின்றுபோயின. வயர்மேனுக்குக் காது மந்தம் என்று தெரிந்தால் துரை வேலையை மாற்றிவிடுவார், பேக்டரிக்குப் பின்னால் இருக்கும் இந்த வீட்டையும் விட்டு, கூலி ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்று பயந்து மறைத்தேன். இந்த வீட்டில் காதை மறைத்தவன் ஒருவன் இருந்தான். அது நீ இல்லை.

செட்டைச் சரிபார்க்க எனக்கு ஒரு நல்ல காது வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பெட்டிகளுக்கும் சரிநடுவில் முக்காலியைப் போட்டு உன்னை உட்கார வைப்பேன். நாதஸ்வர இசைத்தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு எந்தப் பக்கம் அதிகம், எந்தப் பக்கம் கம்மி என்று கேட்பேன். முதல் நாளே நீ கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இடது பக்கம் கம்மிப்பா" என்றாய். பாய் சொன்னபடியேதான் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பெண்ணின் காது மீட்டர் மாதிரி என்று கடையில் போய் நானே சொன்னேன். அன்றைக்கு நீ சொன்னது ஸ்பீக்கரைப் பற்றித்தானா, இல்லை அப்போதே உன் காது கெட ஆரம்பித்துவிட்டதா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஸ்பீக்கர், எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ என்று நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிடிபடவில்லை.

இடது பக்கம் கம்மி என்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வருஷம் ஓவர்டைம் செய்து ஈப்போவுக்குப் போய், ஒரே பெட்டியில் ஜோடியாக வந்த புது ஸ்பீக்கர்கள் வாங்கினேன். இரண்டும் எட்டு ஓம், இரண்டும் ஒரே மாதிரி. ஆம்ப்ளிபையருக்கும் அதற்கும் ஒரு குறையும் இல்லாத பொருத்தம். கொண்டுவந்து பூட்டி, உன்னை முக்காலியில் உட்கார வைத்தேன். நீ கேட்டுவிட்டு, "இடது பக்கம் கம்மிப்பா" என்றாய்.

அப்போது உனக்கு எட்டு வயது. அந்த மழைக்காலம் முழுக்க உனக்குச் சளி. இடது காதில் வலி என்று அழுவாய். காலையில் தலையணையில் மஞ்சளாகக் கறை இருக்கும். உன் அம்மா பஞ்சு வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவாள். எஸ்டேட் மருந்துக்கடை டிரெசர் சொட்டு மருந்து கொடுத்தார், ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லியும் விட்டார். உன் அம்மா அதை வந்து என்னிடம் சொன்னபோது நான் ஆம்ப்ளிபையரின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தேன். சளி பிடித்த எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான், வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டுத் திருப்புளியைக் கேட்டேன். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் ஆம்ப்ளிபையரில் இடம் மாற்றினேன். இடது பக்கம்தான் கம்மி என்றாய். சரி, ஆம்ப்ளிபையரில் கோளாறு இல்லை. பெட்டிகளை இடம் மாற்றினேன். அப்போதும் இடது பக்கம் என்றாய். சரி, ஸ்பீக்கரிலும் கோளாறு இல்லை. கம்பியைப் புதிதாக இழுத்தேன். அதற்கும் அதே பதில். ஆம்ப்ளிபையர் இல்லை, பெட்டி இல்லை, கம்பி இல்லை என்றால் மிச்சம் இருப்பது இரண்டே இரண்டு. ஒன்று அறை, இன்னொன்று நீ. எனக்கு அறைதான் தோன்றியது. இடது பக்கத்துச் சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டேன். அலமாரியை நகர்த்தினேன். பலகைச் சுவரில் சாக்கு அடித்தேன். பேக்டரியில் மோட்டார் நின்றால் ஒன்று ஒன்றாக விலக்கிக் கோளாறைப் பிடிப்பவன் என்று எனக்குப் பெயர் உண்டு. கடைசியில் மிஞ்சிய ஒன்றை மட்டும் நான் பார்க்கவில்லை. அது என் முன்னால் முக்காலியில் காலை ஆட்டிக்கொண்டு, பஞ்சு வைத்த காதோடு உட்கார்ந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியில் பிள்ளைகள் விளையாடும் சத்தம். நீ கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய். எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது என்றாய். உன் தாடையைப் பிடித்து முகத்தை நேராகத் திருப்பி, "ஒழுங்கா கேளு. வெளையாட்டு நெனப்புல வாய்க்கு வந்ததச் சொல்லாத" என்று கத்தினேன். என் விரல் பட்ட இடம் சிவந்திருந்தது. நீ ஆம்ப்ளிபையரைப் பார்த்தாய், பிறகு என் முகத்தைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப சரியா இருக்குப்பா" என்றாய்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் ஒன்றையும் தொடவில்லை, வசந்தி. ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. எதுவும் மாறாமல் எப்படிச் சரியாகும் என்று ஒரு வயர்மேனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றத்தான் செய்தது. அதை நான் தள்ளிவிட்டேன். எனக்கு வேண்டிய பதில் வந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த வாரம் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாட்டுப் போட்டுக் காட்டினேன். இந்த செட்டைப் பொருத்தியதே என் பெண்ணின் காதுதான் என்றேன். அவர் உன்னிடம் ஏதோ கேட்டார். அவர் உன் இடது பக்கம் இருந்தார். நீ திரும்பவே இல்லை. வெட்கப்படுகிறாள் என்று சொல்லிச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நாலு மாதம் நீ எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சரியாக இருக்கிறது என்றே சொன்னாய். கண்டுபிடித்தது உன் அம்மா. இடது பக்கமிருந்து கூப்பிட்டால் நீ வருவதில்லை, வலது காது தலையணையில் பட ஒருக்களித்துப் படுத்தால் எழுப்பினாலும் எழுந்திருப்பதில்லை என்று அவள் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒரு மத்தியானம் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே முன்னறைக்கு வந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உன் பக்கத்தில் குனிந்து, "பாப்பா, அப்பா திட்ட மாட்டாரு. எந்தப் பக்கம் கம்மியா இருக்கு" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். பிறகு சன்னல் இருந்த பக்கம் கை காட்டினாய். அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, முக்காலியோடு சேர்த்து உன்னை அப்படியே தூக்கி, முகம் பின் சுவரைப் பார்க்க வைத்தாள். "இப்ப?" என்றாள். நீ எதிர்ப்பக்கம், கதவு இருந்த பக்கம் கை காட்டினாய்.

எழுதப் படிக்கத் தெரியாதவள். ஓம் என்றால் என்ன, ரெசிஸ்டர் என்றால் என்ன என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் மாதக்கணக்காக அந்த அறையில் எல்லாவற்றையும் இடம் மாற்றிப் பார்த்தவன். அவள் உன்னை மட்டும் மாற்றினாள். என்னை அவள் திட்டவில்லை. நேராக வந்து பிளேயரின் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்திவிட்டு, உனக்குச் சட்டை மாற்றப் போனாள்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அன்றைக்கே ஈப்போவுக்கு அனுப்பினார்கள். காதுக்குள் சீழ் வைத்து எலும்பு வரைக்கும் அரித்துவிட்டது, ஆபரேஷன் செய்யாவிட்டால் மூளைக்குப் போய்விடும் என்றார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள். காது போனது போனதுதான். ஆபரேஷனுக்கு மறுநாள் டாக்டர் உன் கட்டில் பக்கத்தில் நின்று, ஆறு மாதத்துக்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் கேட்கும் சக்தியைக் காப்பாற்றியிருக்கலாம், ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று கேட்டார். அவரும் தமிழர்தான். சத்தம் போடவில்லை, கேட்டார், அவ்வளவுதான். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "புள்ள சொல்லவே இல்ல டாக்டர். நல்லா கேக்குதுன்னுதான் எங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

நீ தூங்குகிறாய் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட பக்கம் தலையணையில் இருந்தது. நல்ல காது மேலே இருந்தது. நீ கண்ணைத் திறந்து, "ஆமா டாக்டர், நான்தான் பொய் சொன்னேன்" என்றாய்.

டாக்டர் உன் தலையைத் தடவிவிட்டு, இனிமேல் அப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இடத்திலேயே நான் அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் வாசலைக்கூடத் தாண்டவில்லை. சொல்லவில்லை. திரும்பி வரும்போது தாப்பாவிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் உன் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு வேறு இடத்தில் உட்கார்ந்தாள். ரிங்லெட்டில் பஸ் நின்றபோது பின்னால் திரும்பி, "எட்டு வயசுப் புள்ள மேல போட்டுட்டீங்க" என்றாள். அதற்கு மேல் இந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. சமைத்துப் போட்டாள், காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொண்டாள். பாட்டு ஓடும்போது மட்டும் அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டாள். இப்போதும் அப்படித்தான்.

ஆமாம், பாட்டு ஓடியது. அதையும் உன்னிடம் மறைக்க நான் விரும்பவில்லை. செட்டைத் தூக்கிப் போட்டேன், விற்றேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஒரு மாதம் தொடாமல் இருந்தேன். பிறகு போட்டேன். சாக்கையும் கம்பளியையும் எடுத்துவிட்டேன், சத்தம் அருமையாக இருந்தது. நீ வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். உன்னைப் பார்க்கும்போது எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் அதுவும் பாதிதான் உண்மை. பல நாள் எரிச்சலாக இருந்தது. நீ ஒரு நாளாவது என்னைத் திட்டியிருந்தால், ஒரு நாளாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் எனக்குப் பதில் பேச வாய்ப்புக் கிடைத்திருக்கும். நீயோ பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு வலது காது படும்படி இடது ஓரத்தில் இடம் பிடிக்கவும், நடக்கும்போது ஆட்களுக்கு இடது பக்கம் வரவும் நீயாகவே கற்றுக்கொண்டாய். உன் கெட்டிக்காரத்தனம் எனக்கு வசதியாகப் போயிற்று.

ரிங்லெட்டிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். நாற்காலிகளை நான்தான் போட்டேன். மாப்பிள்ளையின் அம்மா உன் வலது பக்கம் வரும்படி, இடது பக்கம் சுவர் வரும்படி. உன் அம்மா வேண்டாம், சொல்லிவிடலாம் என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் போதும் என்றேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. தேதி பேசப் போகும் நேரத்தில் நீ எழுந்து நின்று, "எனக்கு எடது காது கேக்காது. சின்ன வயசுல வலிச்சத வீட்டுல சொல்லாம மறைச்சிட்டேன். அப்பா அம்மா மேல தப்பு இல்ல" என்றாய். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் தேத்தண்ணி குடித்தேன். உனக்கு இருபது வயது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோழை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதை நீ மனப்பாடம் செய்து வைத்திருந்து, அதே கோழையைக் காப்பாற்றச் சபையில் சொன்னாய். அவர்கள் போன பிறகு, காரியத்தைக் கெடுத்துவிட்டாய் என்று உன்னைத் திட்டினேன். அடுத்த மாதமே பினாங்கில் வேலை என்று நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். பஸ் ஏற்றிவிடக்கூட நான் வரவில்லை, பேக்டரியில் மோட்டார் ரிப்பேர் என்று சொன்னேன். மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணமாகிப் போகும் மகளுக்குப் புத்தி சொல்லி எழுதுவார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது உன்னிடம் வந்து ஒரே விஷயத்தை இரண்டாம் தடவை சொன்னால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடு. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மாப்பிள்ளைத் தம்பியிடம் நீ சொன்னதைத் திருத்திச் சொல். நான் மறைக்கவில்லை, வாரா வாரம் சொன்னேன், என் அப்பா என்னைப் பயமுறுத்திப் பொய் சொல்ல வைத்தார், பிறகு அந்தப் பொய்யையே டாக்டரிடம் காட்டித் தப்பித்துக்கொண்டார் என்று சொல். உனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு. அவர் வீட்டுப் பெரியவர்களும் வாசிக்கட்டும். இதை எல்லாரும் படிக்கத்தான் எழுதுகிறேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், எனக்குத் தெரியும். அப்படி வாங்கிக்கொண்டு வந்து மணவறையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேற்று தானா ராத்தாவுக்குப் போய்ப் பட்டர்வொர்த் பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட் எடுத்து வந்தேன். உன் அம்மா கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை காலையில் கிளம்புகிறாள். தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை, பஸ் நிற்கும் இடத்துக்கு முன்னாலேயே வந்து நில். எனக்கு டிக்கெட் எடுக்கவில்லை. இதை வாசித்த பிறகும் நான் வரலாம் என்று உனக்குத் தோன்றினால் ஒரு வரி எழுது. தோன்றாவிட்டால் எழுத வேண்டாம்.

உன் அப்பா